துணிச்சலுக்கு ஓர் அட்டை குறைவு

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். அப்படியானால், அடுத்தவர்களின் துணிச்சலையே இரண்டு வருஷமாக எழுதிவைத்தவருக்கு அதில் ஒரு துளியாவது ஒட்டியிருக்க வேண்டாமா?

அகராதி அலுவலகத்தில் அவருக்கு அட்டைக்காரர் என்று பெயர். ஒரு சொல் எந்தக் கதையில், யார் வாயில், என்ன தொனியில் வருகிறது என்று தேடி, வாக்கியத்துக்கு ஓர் அட்டையாக எழுதுவது அவர் வேலை. 'துணிச்சல்' அவர் பங்குக்கு வந்த கடைசிச் சொல். வெள்ளிக்கிழமையோடு ஓய்வு.

நூற்று நாற்பது அட்டைகளையும் மேசையில் பரப்பிப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. துணிந்தவர் அந்தச் சொல்லைச் சொல்வதேயில்லை. வாசலில் நின்று பார்க்கிறவர்கள்தான் சொல்கிறார்கள். ஆண் என்றால் மெச்சுவதற்கு. பெண் என்றால் பெரும்பாலும் வைவதற்கு.

"தன்னைப் பத்தித் தானே சொல்ற மாதிரி ஒண்ணு வேணும் சார்," என்றார் பதிப்பாசிரியர் அம்மா. "கதையில கிடைக்கலேன்னா யாரோட கடிதமாவது போதும். இல்லேன்னா இந்தச் சொல்லு நொண்டும்."

"நொண்டினாலும் நடக்கும்மா."

"அடேயப்பா! முப்பத்தோரு வருஷத்துல எந்தச் சொல்லை நொண்ட விட்டிருக்கீங்க?"

விட்டதில்லை.

அவர் வீட்டில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவர் உட்காருவார், மற்றதில் புத்தகங்கள். அதைக் காலி செய்யச் சொல்லி ஒருவரும் வந்ததில்லை. மேசைமேல் அக்காவின் கடிதம் மூன்று வாரமாகப் பதிலில்லாமல் கிடந்தது.

நாற்பது வருஷத்துக்கு முன் அக்கா தனக்குப் பிடித்தவரோடு புறப்பட்டுப் போனாள். "என்ன துணிச்சல் இவளுக்கு! கதவைச் சாத்துடா!" என்று அப்பா கத்தினார். சாத்தியது தம்பியான அவர்தான். படியில் நின்ற அக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தாழ்ப்பாளில் இருந்த கையைத்தான் பார்த்தாள். சாத்தச் சொன்னவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகியும், சாத்தியவருக்கு அவள் முன்னால் போய் நிற்கக் கால் வரவில்லை.

"மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது," என்று எழுதியிருந்தாள். "ரிட்டயர் ஆனதும் வந்துவிடடா. எனக்கு உன்மேல் கோபமில்லை. என்னைத் துணிச்சல்காரி என்கிறார்கள். எனக்கு ஏதடா துணிச்சல்? உள்ளே இருக்கப் பயமாக இருந்தது, வெளியே வந்துவிட்டேன். அவ்வளவுதான்."

வியாழக்கிழமை அந்தக் கடைசி வரிகளை ஓர் அட்டையில் எழுதினார். எழுத்து வழக்கம்போல் குண்டு குண்டாகவே விழுந்தது.

மறுநாள் மாலை தேநீரும் நாலு நல்ல வார்த்தையும் முடிந்தபின் பதிப்பாசிரியர் அம்மா கேட்டார்: "அந்த மேற்கோள் அகப்பட்டுதா சார்?"

அட்டை சட்டைப் பையில் இருந்தது.

"இல்லைம்மா."

அட்டைகள் இருந்த பெட்டியின் சாவியைக் கொடுத்துவிட்டு நேரே பஸ் நிலையத்துக்கு நடந்தார். அக்கா ஊரின் பேரைச் சொன்னதும், "போக வரவா?" என்றார் டிக்கெட் கொடுப்பவர்.

"போக மட்டும்."

அகராதியில் அந்தச் சொல் ஒரு மேற்கோள் குறைவாகவே அச்சேறியது. ஏன் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை, அக்காவுக்குக்கூட.