தலை தீபாவளிக்கு ஒரு சீட்டாட்டம்

தேவிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஃபேக்டரியில் நான் கிளார்க்காக இருந்தேன். எழுபதுகளின் நடுப்பகுதி. கல்யாணமாகி நாலைந்து மாதம்தான். நான் உடுமலைப்பேட்டைக்கு மேற்கே சித்தூர்ப் பக்கத்து ஆள், மனைவிக்கும் ஊர் அங்கேதான். மாமனாருக்குக் கிணறும் தென்னையும் கடலைக்காடுமாக நல்ல பண்ணையம். சம்பளத்துக்கு மலையில் கிடப்பவனுக்கு மகளைக் கொடுக்க அவருக்கு மனசே இல்லை. "அந்தக் குளிர்ல மனுசன் இருப்பானுங்களா?" என்று தரகரிடம் கேட்டவர், கல்யாணத்துக்குப் பிறகும் எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் எங்களுக்குத் தலை தீபாவளி. மாமனார் ஆள் விட்டுக் கேட்டார். "லீவு கிடைக்குமுங்களா? இல்லீனா இப்பவே சொல்லிப்போடச் சொல்லுங்க. ஊர்ல நாலு பேரு கேப்பாங்க." நான் சும்மா இருந்திருக்கலாம். "லீவா? அது என் சட்டைப் பையில இருக்குதுன்னு சொல்லுங்க" என்று வீறாப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

மழை விட்டுக் கொழுந்து கொட்டுகிற நேரம். தோட்டத்து மேனேஜர் துரை என்னையும் ஃபேக்டரியில் தூள் பக்குவம் பார்க்கும் டீமேக்கரையும் கம்பவுண்டரையும் லாரி டிரைவரையும் நிற்க வைத்து, "ஒருத்தருக்குத்தான் லீவு. யாருக்குன்னு நீங்களே பேசிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேசினால் சண்டைதான் வரும். அதனால் எங்கள் தோட்டத்தில் இந்த மாதிரி விவகாரமெல்லாம் சீட்டில்தான் தீரும். ஆளுக்கு ஒரு படி புளியங்கொட்டை. கொட்டை தீர்ந்தவன் எழுந்துவிட வேண்டும், கடைசியாக உட்கார்ந்திருப்பவனுக்கு லீவு. எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். மதுரையில் ஹாஸ்டலில் இருந்தபோது சீட்டில் என்னை அடிக்க ஆள் கிடையாது.

ஆட்டம் எளிது. ஆளுக்கு மூன்று சீட்டு. கையில் நல்லது இருந்தால் கொட்டையை ஏற்றலாம். மற்றவன் அதே அளவு போட்டுத் தொடரலாம், இல்லை சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். கடைசி வரை நிற்பவர்கள் சீட்டைக் காட்ட வேண்டும். ஒரே மாதிரி மூன்று வந்தால் அதற்கு மேல் கிடையாது; அதற்கடுத்து வரிசையாக மூன்று, பிறகு ஜோடி. கையில் ஒன்றுமே இல்லாமல் கம்பீரமாக ஏற்றி எதிராளியைக் கவிழ்க்க வைப்பதற்குத்தான் உதார் என்று பேர். அதில் நான் மன்னன்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு டிஸ்பென்சரி வராந்தாவில் உட்கார்ந்தோம். முதல் கையிலேயே எனக்கு வந்தது குப்பை. மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு ஒரு கைப்பிடி கொட்டையைத் தள்ளினேன். ஹாஸ்டலாக இருந்தால் மூன்று பேரும் கவிழ்த்திருப்பார்கள். இங்கே மூன்று பேரும் அதே அளவு போட்டார்கள்! டிரைவர் திருநெல்வேலிக்காரர், வாய் நிறைய வெற்றிலை. "காட்டும் வே, கிளார்க்கு! என்னதான் வச்சிருக்கீருன்னு பாக்கணும்லா!" என்றார். காட்டினேன். சிரித்தார்கள்.

அடுத்த கையிலும் உதார் விட்டேன், அதற்கடுத்ததிலும் விட்டேன். ஒருத்தனும் நகரவில்லை. டீமேக்கர் ஒரு ஜோடி நாலை வைத்துக்கொண்டு கடைசி வரை வந்தார். டிரைவர் பாதி நேரம் சீட்டைத் தொடாமலேயே கொட்டையைப் போட்டார். "ஏம்யா, இந்தச் சீட்டை வச்சுக்கிட்டா தொடர்ந்தீங்க?" என்று கத்தினேன். "புளியங்கொட்டைதான வே? நட்டா மரம்கூட வராது இந்தக் குளிருக்கு" என்றார். என் குவியல் பாதிக்கு மேல் கரைந்திருந்தது.

நடுவில் டீ குடிக்க வீட்டுக்கு ஓடினேன். மனைவி டிரங்குப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, எப்படிப் போகுது?" என்றாள். "போகுது" என்றேன். என் முகத்தைப் பார்த்தவள் அடுக்குவதை நிறுத்திவிட்டாள். "தீபாவளிக்குப் போகலீனா எங்கப்பா நெனச்சது சரின்னு ஆயிப்போகுமுங்க" என்று மட்டும் சொன்னாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

திரும்பி நடக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. உதாருக்குப் பயப்பட, எதிராளிக்கு இழப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். கம்பவுண்டருக்கு மதுரையில் சினிமா பார்க்க வேண்டும். டீமேக்கருக்கு அண்ணன் வீட்டுப் பலகாரம். டிரைவர் லீவு கிடைத்தால் தூங்குவேன் என்று சொல்லியிருந்தார். தூங்கப் போகிறவனை எதைச் சொல்லி மிரட்டுவது? அந்த வராந்தாவில் பயந்த ஆள் நான் ஒருத்தன்தான்.

அதற்குப் பிறகு சீட்டு நன்றாக இல்லையென்றால் கவிழ்த்தேன். கவிழ்த்துக்கொண்டே இருந்தேன். "என்ன வே, சீட்டு கையச் சுடுதா?" என்று டிரைவர் சீண்டினார். "புதுமாப்பிள்ளை தரையில சீட்டை நட்டு வளக்குறாரு" என்றார் கம்பவுண்டர். எனக்குக் காது சிவந்தது. ஆனாலும் கவிழ்த்தேன். நல்ல கை வந்தபோது மட்டும் ஏற்றினேன். அப்போதும் அவர்கள் பார்த்தே தீருவோம் என்று பின்னாலேயே வந்தார்கள், மகராசன்கள்! கொட்டை என் பக்கம் வரத் தொடங்கியது. கம்பவுண்டர் எழுந்தார். பிறகு டீமேக்கர்.

டிரைவரும் நானும் மிஞ்சினோம். அவர் ஒரு பெரிய குவியலைத் தள்ளினார். என் கையில் ரெண்டும் ஐந்தும் ஒரு ஜாக்கியும். இத்தனை நேரம் கவிழ்த்தவன் இப்போது ஏற்றினால் நம்பிவிடுவார் என்று ஒரு சபலம். விரல் கொட்டை மேலேயே போய்விட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். வெற்றிலையை மென்றுகொண்டு ஆனந்தமாக இருந்தார். இந்த மனுஷன் எதையும் நம்பமாட்டார், சந்தேகப்படவும் மாட்டார், பார்க்க மட்டும்தான் செய்வார். பல்லைக் கடித்துக்கொண்டு கவிழ்த்தேன். அடுத்த கையில் ஏழு, எட்டு, ஒன்பது வந்தது. எல்லாவற்றையும் தள்ளினேன். "பாக்கணும்லா!" என்று அவரும் எல்லாவற்றையும் தள்ளினார். அவரிடம் ஒரு ஜோடிகூட இல்லை. "சரி, போயிட்டு வாரும் வே" என்று என் முதுகில் அடித்த அடி உடுமலைப்பேட்டை வரை வலித்தது.

தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, இலையில் விழுந்ததையெல்லாம் தின்று முடித்தபோது, மச்சான்கள் கூடத்தில் பாய் விரித்தார்கள். அதே மூன்று சீட்டு. கொட்டைக்குப் பதில் நிலக்கடலை. மாமனாரும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

எனக்கு வந்தது குப்பை. பழைய புத்தி போகுமா? ஒரு பிடி கடலையைத் தள்ளினேன். எல்லோரும் கவிழ்த்தார்கள்! மறுபடி தள்ளினேன், மறுபடி கவிழ்த்தார்கள். "மாப்பளைகிட்ட பலமான சீட்டுங்க" என்று மாமனார் தலையை ஆட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இவர்களல்லவா சீட்டாடத் தெரிந்தவர்கள் என்று நினைத்தேன். என் முன்னால் கடலை மலையாகக் குவிந்தது.

காபி கொண்டுவந்த மனைவி, தம்ளருக்கு இடம் பண்ண மாமனார் கவிழ்த்திருந்த சீட்டை எடுத்தாள். எடுத்தவள் அதை என் பக்கமாக லேசாகத் திருப்பிக் காட்டினாள். மூன்று ராணி. தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையைத் தோற்கடிப்பதாவது என்று வீடே சேர்ந்து கவிழ்த்துக்கொண்டிருக்கிறது! எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்கு மேல், என்னவோ, நெஞ்சு நிறைந்து போயிற்று.

அடுத்த கையில் எனக்கு நிஜமாகவே நல்ல சீட்டு, இரண்டு ஆஸும் ஒரு ராஜாவும் வந்தன. மரியாதைக்கு மாமனார் நாலு கடலையைப் போட்டார். "உங்ககிட்ட முடியாதுங்க மாமா" என்று சீட்டைக் கவிழ்த்தேன்.

அவர் கையை நீட்டி என் சீட்டை எடுத்துப் பார்த்தார். ரெண்டு ஆஸையும் விரலால் தட்டினார். பிறகு அதைக் கட்டுக்குள் செருகிவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"தை மாசம் அறுப்பு முடிஞ்சதும் மலைக்கு வரலாம்னு இருக்கறனுங்க மாப்பளே. ஒரு வாரம் தங்கோணும். கம்பளி இருக்குதுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "இருக்குதுங்கப்பா" என்றாள் மனைவி.