பஞ்சவர்ணத்தின் கட்டைவிரல்

திருச்சி பஸ்ஸையும் சென்னை பஸ்ஸையும் நின்ற இடத்திலிருந்தே ஒரே நேரத்தில் பார்த்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டே டீ ஆற்றுகிறாள் பஞ்சவர்ணம். கேட்டவர் வாயைப் பிளந்தால், “கொஞ்சம் கூட்டித்தான் சொல்றேன், குறைச்சுக்குங்க” என்று அவளே இறங்கி வருவாள்.

சிறுவாச்சூர் நெடுஞ்சாலையோரம் அவள் கடை. வலது கண் நேரே நிற்கும். இடது கண் மூக்கைத் தேடிப் போய்விடும். “உங்களுக்குச் சர்க்கரை கம்மியா?” என்று ஒருவரைக் கேட்டால் பெஞ்சில் இரண்டு பேர் தலையாட்டுவார்கள். திங்கள், வெள்ளியில் அம்மன் கோயிலில் புது வண்டிக்குப் பூஜை போட்டவர்கள், மாறுகண் பட்டால் அதிர்ஷ்டம் என்று கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவளும் ஒரு சுற்று வந்து, டயரை ஒரு தட்டுத் தட்டி, “ஓடும், போங்க” என்பாள்.

கண் சங்கதியில் அவள் பாதி டாக்டர். மூக்கைப் பாக்கறது, காதைப் பாக்கறது, வானத்தைப் பாக்கறது என்று மூன்று தினுசாம். பிறவியில் வரும், காய்ச்சலில் வரும். சர்க்கரை ஏறி ஒரு லாரி டிரைவருக்குத் திடீரென்று கண் திரும்பி, ரோடு இரண்டாகத் தெரிந்திருக்கிறது. அவளுடைய வெள்ளாடு, கிடா முட்டிய நாளிலிருந்து காதைப் பார்க்கிறது.

இவ்வளவு பேசுகிறவள் தன் இடது கண்ணில் நிழலுக்கு மேல் ஒன்றும் தெரியாது என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. சிறுவயதில் அது திரும்பியபோது வீட்டில் கொண்டாடினார்கள். ஆஸ்பத்திரி யாருக்கும் தோன்றவில்லை. ஒற்றைக் கண்ணுக்கு அளவு பிடிபடாததால் கிளாஸின் விளிம்பில் கட்டைவிரலை வைத்தே ஊற்றுவாள். சூடு தொட்டதும் நிறுத்துவாள். ஊரார் அதை அவள் ஸ்டைல் என்று நினைத்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் மகன் கலையரசனும் அவன் மனைவி அம்பிகாவும் நாலு வயது இலக்கியாவோடு வந்தார்கள். பிள்ளைக்கும் இடது கண் மூக்கைப் பார்த்தது. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்தால்தான் சோம்பிக் கிடக்கும் கண் வேலை செய்யும், தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதாக அம்பிகா கலங்கினாள். கலையரசனுக்கு மனமில்லை.

“தெரியற கண்ண மூடச் சொல்றாங்க அத்தை. இது உங்க கண்ணு. அதிர்ஷ்டத்த யாராவது வைத்தியம் பண்ணி வெரட்டுவாங்களா?”

வாசலில் மாலை போட்ட டிராக்டர் ஒன்று காத்திருந்தது. பெஞ்சு நிறைய ஆள். பஞ்சவர்ணம் இடது உள்ளங்கையால் வலது கண்ணை அழுத்தி மூடிக்கொண்டு, மறுகையால் டீயை ஊற்றினாள். அது கிளாஸுக்கு ஒரு சாண் தள்ளி மேடையில் விழுந்து ஓடியது.

“இந்த அதிர்ஷ்டத்த ஒரு டீ ஊத்தச் சொல்லு பாப்பம்.”

கலையரசன் துணியை எடுத்து மேடையைத் துடைத்தான். டிராக்டர்காரர் மெல்ல வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அன்று கூட்ட நேரத்திலேயே கடையைச் சாத்திவிட்டு, பெரம்பலூர் பஸ்ஸில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கண் டாக்டரிடம் போனவள் அவள்தான்.

எட்டு மாதம் ஆகிறது. வாசலில் புது வண்டிகள் குறைந்துவிட்டன, வாய் குறையவில்லை. வலது கண்ணில் ஒட்டுத் துணியும் மேலே கண்ணாடியுமாக இலக்கியா பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டிருக்கிறாள். அப்பா கூப்பிடுவதைப் பார்த்து அவளுக்கும் இவள் அத்தைதான்.

“ரெண்டு பஸ்ஸு வருது, பாத்தியா?” என்று ஊற்றிக்கொண்டே அளக்கிறாள் பஞ்சவர்ணம்.

மூடாத அந்த இடது கண்ணால் இலக்கியா ரோட்டின் கோடி வரை பார்க்கிறாள்.

“ஒண்ணுதான் வருது அத்தை. அதுவும் பஸ் இல்ல, லாரி.”

விளிம்பிலிருந்த கட்டைவிரல் எப்போது எழுந்ததோ, டீ நிரம்பி மேடையெல்லாம் வழிகிறது.