திரும்ப இடமுள்ள பாதைகள்

இமயமலைக்கு ஜீப்பிலேயே போய், அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து எழ வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. அதற்காகப் பழைய டீசல் ஜீப் ஒன்றை வாங்கினார். பின்சீட்டைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்து மெத்தை போட்டார், சின்ன அடுப்பும் வைத்தார். கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போது முதுகெலும்பில் வட்டு விலகிவிட்டது. இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் சேலம் வீட்டு வாசலில் ஜீப் சும்மா நின்றது. அது நிற்கும் பக்கத்து ஜன்னலை அவர் திறப்பதில்லை.

நான் நாற்பத்தேழு வயதில் லைசென்ஸ் எடுத்தது அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான். ஆனால் ஓட்ட ஓட்ட எனக்கும் எங்காவது போகவேண்டும் போலிருந்தது. எடப்பாடியில் வாழ்க்கைப்பட்ட என் தங்கையிடம் சொன்னேன். மறுநாளே பஸ் ஏறி வந்துவிட்டாள்.

"முதல்ல ஏற்காடு போலாங்க்கா" என்றாள்.

கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி மலை ஏறினோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்தது. பிரேக்கை மிதித்தேன், இன்ஜின் அணைந்தது, மறுபடி கிளப்பப் பார்க்கையில் வண்டி பின்னால் உருண்டது. பஸ் கண்டக்டர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். அகலமான இடம் வந்ததும் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டோம்.

மலை வேண்டாம், சமவெளி மண்பாதை போதும் என்று முடிவு செய்தேன். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், ஏற்றம் இல்லாமல். தினமும் சாயங்காலம் போனில் சாட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டிலில் படுத்தபடி அவர் சொன்னார்: "அதெல்லாம் மாட்டுவண்டித் தடம். அதுக்கு எதுக்கு ஜீப்பு?" நான் படத்தை இன்னும் பெரிதாக்கினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கம் போனோம். படத்தில் ஒரு தடம் ஏரியைச் சுற்றி மானாவாரிக் காடுகளுக்குள் நுழைந்து தார்ரோட்டில் போய்ச் சேர்ந்தது. நேரில் ஒன்றரை கிலோமீட்டரிலேயே ஓடை அதை அறுத்துப் போட்டிருந்தது. இரண்டு பக்கமும் நிலக்கடலை. திருப்ப இடமில்லை. தங்கை இறங்கிப் பின்னால் நடந்து கை காட்ட, ரிவர்ஸிலேயே வந்தேன். கழுத்து மரத்துப்போனது. ஒரு இடத்தில் பின்சக்கரம் வரப்பில் ஏறி மண்ணைச் சரித்துவிட்டது.

புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அரிவாளோடு வந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும்.

"யாரு ஊட்டுக்குங்க வந்தீங்க?"

"யாரு ஊட்டுக்கும் இல்லீங்க. சும்மா, பாதை இருக்குதான்னு பாக்க வந்தோம்."

"சும்மா வாரோம்னுதான் போன மாசமும் ரெண்டு பேரு கார்ல வந்தாங்க. அப்பறம் பாத்தா அந்தப் பக்கம் பூராவும் அளந்து கல்லு நட்டுட்டாங்க. நெலம் பாக்கத்தானுங்க வந்தீங்க?"

என் கண்ணுக்கு வெறும் கோடாகத் தெரிந்த தடம் அவளுக்கு அடுத்து யாருடைய காடு போகும் என்ற பயம். தங்கை பின்கதவைத் திறந்து மெத்தையையும் அடுப்பையும் காட்டினாள். அந்தப் பெண் வெகுநேரம் பார்த்தாள்.

"ஊட்டுல ஏதாச்சும் சண்டைங்களா?"

தங்கை சிரித்துவிட்டாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. ஆனால் குரல் இறங்கியது. "இன்னும் கொஞ்சம் பின்னால வாங்க. எங்க களம் இருக்குது. அதுல திருப்பிக்கலாம்."

திருப்பி நிறுத்திவிட்டு அவளிடம் மண்வெட்டி வாங்கி வரப்பைச் சரிசெய்தேன். பார்த்துக்கொண்டே இருந்தவள், கடைசியில் மண்வெட்டியை வாங்கித் தானே இன்னொரு தடவை மண் அணைத்தாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது அவர் கேட்டார். "எவ்வளவு தூரம் ரிவர்ஸ் எடுத்தே?"

"அரை கிலோமீட்டருக்கு மேல இருக்கும்."

தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்துக்கொண்டார். பிறகு, "அந்த போனைக் குடு" என்றார்.

அதன்பிறகு படம் பார்க்கும் வேலை அவருடையதாயிற்று. களம், கோயில் மைதானம், செங்கல் சூளை என்று வண்டி திருப்ப இடமுள்ள தடங்களாகத் தேடி எடுத்தார். ஞாயிறுதோறும் நானும் தங்கையும் அங்கே போய், முதலில் நடந்து பார்த்தோம், இருப்பவர்களிடம் கேட்டோம். வேண்டாம் என்றவர்களும் உண்டு. அந்தத் தடங்களைப் பட்டியலிலிருந்து அழித்தோம். மூன்று மாதத்தில் துண்டு துண்டாக எடப்பாடி வரை ஒரு வழி கிடைத்தது.

அந்தப் பயணத்துக்கு இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு அவரும் வந்தார். இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் நான் போகவில்லை. "ரெண்டாவது கியரே போதும்" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தார். அந்தி சாயும்போது தங்கையின் காட்டில் நிறுத்தினோம். அவள் கணவர் வந்து பார்த்தார். "ஊட்டுல கட்டில் கெடக்குதுங்களே" என்றார் வருத்தத்தோடு.

அன்றிரவு நானும் என் கணவரும் ஜீப்பிலேயே படுத்தோம். காலையில் அவரால் நிமிர முடியவில்லை. நான் பயந்துபோனேன். அவர் பயப்படவில்லை. "நான் பஸ்ஸுல தார்ரோட்டுலயே போயிக்கறேன். நீ வந்த வழியிலயே வா" என்றார்.

"தனியாவா?"

"வழிதான் உனக்குத் தெரியுமே."

தங்கை அவரை பஸ் ஏற்றிவிடப் போனாள். நான் தனியாகக் கிளம்பினேன். பாதி தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் இன்ஜினை அணைத்தேன். தூரத்தில் எங்கோ தறி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் குடித்தேன். அவசரம் எதுவும் இல்லாததால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.