முத்து முத்தாக நான்கு நோட்டு

என் அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். பதினோரு வருடமாக அதே நாற்காலி. யார் கூப்பிட்டாலும், "வணக்கம், எங்க இணைக்கட்டும்?" என்று தேன் ஒழுகக் கேட்பாள். அந்த மரியாதையில் கால்வாசிகூட வீட்டில் தம்பிக்குக் கிடைத்ததில்லை. நான் பிளம்பர், அடைத்துக்கொண்ட குழாயோடு மல்லுக்கட்டிப் பழகியவன் என்பதால் தாங்கிக்கொண்டேன்.

கண் நரம்பு கெட்டு அவளுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். அந்த நேரம் பார்த்துத்தானா ஆஸ்பத்திரியில் நூற்று நாற்பது எக்ஸ்டென்ஷன் எண்களையும் மாற்றித் தொலைக்க வேண்டும்? மேலாளர் ஒரு மாதம் கெடு கொடுத்தார். அதற்குள் எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொன்னால் நாற்காலி. இல்லாவிட்டால் துணிக்கிடங்கில் போர்வை மடிக்கிற வேலை.

"போர்வை பதில் பேசாதுடா. நான் செத்தே போயிடுவேன்" என்றாள் அக்கா. எனக்கும் அழுகை வந்தது. அவளுக்குத் தெரியாதபடி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

முதலில் எண்களைப் படித்துப் போனில் பதிவு செய்து கொடுத்தேன். ஐந்தாவது எண்ணிலேயே குறட்டை விட்டாள். என் குரல் ராசி அப்படி. பார்வை குறைந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கும் டீச்சரம்மாதான் வழி சொன்னார். "கையால எழுதிப் பாருங்கம்மா. திரும்பப் படிக்கறதுக்கு இல்ல, மனசுல நிக்கறதுக்கு."

ஷூ பெட்டி அட்டையில் வரிவரியாகத் துளை வெட்டிக் கொடுத்தேன். அதை நோட்டின் மேல் வைத்துக்கொண்டால் பேனா வரி தாண்டாது. தினமும் காலையில் நான் ஷேவிங் செய்துகொண்டே பட்டியலைப் படிப்பேன். அவள் வாய்விட்டுச் சொல்லிப் பெரிது பெரிதாக எழுதுவாள்.

"எப்படிடா இருக்கு என் எழுத்து?"

"முத்து முத்தா இருக்குக்கா!"

கண்ணாடியை விட்டுத் திரும்பாமலே சொல்வேன். தாடையில் பிளேடு இருக்கும்போது யார் திரும்புவார்கள்?

அப்புறம் நோட்டு போதாமல் போனது. சாப்பாட்டு மேஜையில் விரலால் எழுதினாள். என் முதுகில் பிரசவ வார்டு முழுவதையும் எழுதினாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாளின் தோள்பட்டையில் நெருக்கமாக எழுதிக்கொண்டே, "பிணவறை, நூத்தி ஒன்பது" என்று முணுமுணுத்தாள். அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி ஓடிவிட்டார்.

தேர்வுக்கு முதல் நாள் ஒரு வாடிக்கையாளரின் முகவரியைக் குறித்துக்கொள்ளக் காகிதம் தேடினேன். அக்காவின் நோட்டைப் பிரித்தேன். முதல் இரண்டு பக்கம் எழுத்து. மூன்றாவது பக்கத்தில் பாதியோடு மை நின்றிருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை வெளேர். அடுத்த மூன்று நோட்டும் அப்படியே, பேனா கீறிய தடம் மட்டும். ஒரு மாத உழைப்பும் காற்றோடு போய்விட்டதே! இதை எந்த வாயால் சொல்வது? முத்து முத்தாக இருக்கிறது என்று சொன்ன வாயாலா?

அதனால் மறுநாள் நானும் கூடப் போனேன். கையில் பட்டியல். திட்டம் இதுதான்: இரண்டு என்றால் இரண்டு இருமல், ஏழு என்றால் ஏழு. பூஜ்யத்துக்குத் தும்மல்.

மேலாளர் "ரத்த வங்கி" என்றார். முந்நூற்று ஏழு. அக்கா வாய் திறப்பதற்குள் மூன்று இருமினேன், ஒரு தும்மல் போட்டேன், ஏழு இருமலில் ஐந்தாவதை எட்டியபோது ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துவிட்டார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

அக்கா திரும்பக்கூட இல்லை. "ரத்த வங்கி முந்நூத்தி ஏழு. நெஞ்சுநோய்ப் பிரிவு எறநூத்தி இருபத்தாறு. அங்க கூட்டிட்டுப் போங்க சிஸ்டர், இவனுக்கு ரொம்ப முத்திடுச்சு."

மூச்சை இழு, விடு என்று அரைமணி நேரம் படுத்தியெடுத்து, வாயில் மாஸ்க்கை மாட்டி அனுப்பினார்கள். வந்து பார்த்தால் நூற்று நாற்பதும் சொல்லி முடித்துவிட்டு, அக்கா அவளுடைய நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மனது கேட்கவில்லை. "அக்கா... அந்தப் பேனாவுல..."

"மை இல்ல. மூணாவது பக்கத்துலயே தெரியும். வழுக்கிட்டுப் போன பேனா சுரண்ட ஆரம்பிச்சுதே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"எனக்கு எதுக்குடா மை? நானா படிக்கப் போறேன்? கை எழுதினாப் போதும். ஆனா நீ தினமும் 'முத்து முத்தா இருக்கு'ன்னியே, அது எத்தனை நாளைக்குப் போகுதுன்னு பார்த்தேன். இருபத்தேழு நாள்!"

மாஸ்க் இருந்தது நல்லதாகப் போயிற்று. அக்கா என் கையை இழுத்து, உள்ளங்கையில் விரலால் நிதானமாக எழுதினாள். முதல் முறையாக அவள் எழுத்தைக் கவனித்துப் படித்தேன். கழுதை என்றிருந்தது.

"எப்படிடா இருக்கு?"

"முத்து முத்தா இருக்குக்கா" என்றேன். நிஜமாகவே இருந்தது.