படகில் ஏற்ற முடியாத பெட்டி

எங்கள் அகதி முகாமுக்கு வரும் தர்மவான்களுக்குப் போர்வை மீது அப்படியொரு காதல். தார் ரோடு உருகி ஓடும் சித்திரை வெயிலிலும் போர்வையோடுதான் வந்து இறங்குவார்கள். இதுவரை கொடுத்ததையெல்லாம் சேர்த்துத் தைத்தால் ஆரணிக் கோட்டையையே போர்த்திவிடலாம். நான் பிறந்ததே இந்த முகாமில்தான் என்பதால், எந்த ஆண்டு என்ன நிறப் போர்வை வந்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பக்கத்து வீட்டு மாமிக்கு வேண்டியிருந்தது போர்வையல்ல, ஃப்ரிட்ஜ். மாமிக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலினை ஈர மணல் நிரப்பிய பானைக்குள் வைத்திருப்பார். ஒரு கோடையில் பானையே சூடாகி, மருந்து கெட்டு, அது தெரியாமல் ஊசி போட்டுக்கொண்டே வந்து, குழாயடியில் மயங்கி விழுந்துவிட்டார். இன்னொரு கோடையை இப்படித் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வறுமை ஒரு பக்கம் இருக்கட்டும். எங்களவர்களிடம் ஒரு விசித்திர வழக்கம் உண்டு. படகில் தூக்கி ஏற்ற முடியாத எதையும் வாங்க மாட்டார்கள். நாளைக்கே இலங்கைக்குத் திரும்பலாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? அதனால் கட்டில் இல்லை, பீரோ இல்லை. அந்த ‘நாளைக்கே’ வருவதற்குள் நான் பிறந்து, படித்து, பட்டுக்கடையில் பில் போடும் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். மாமி இன்னமும் சேலைகளைத் தகரப் பெட்டியில்தான் மடித்து வைத்திருந்தார்.

போர்வை கொடுக்க வந்த பெரியவர் ஒருவரிடம் வாய்விட்டே கேட்டேன். பதறிப்போனார்.

"ஃப்ரிட்ஜா? இன்னாம்மா நீ, அதெல்லாம் லக்சரி ஐட்டம் இல்லயா?"

நியாயம்தான். போர்வையோடு நிற்கும் அகதி போட்டோவில் எடுப்பாக இருப்பாள். ஃப்ரிட்ஜோடு நின்றால் அவர் வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரி மாதிரியல்லவா இருப்பாள்?

சரி, நாங்களே சாப்பாடு விற்றுப் பணம் திரட்டுவோம் என்று முடிவெடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் முகாம் வாசலில் சாமியானா போட்டு, வாழையிலையில் இடியப்பம், சொதி, சம்பல், மீன் குழம்பு. எங்கள் கடைக்கு வரும் தறிக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். கல்லாவில் மாமியை உட்கார வைத்தோம். அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை ஆரணி பார்த்திருக்காது.

முதல் பந்தியில் சாப்பிட்டு வந்தவர், "எவ்ளோ ஆச்சும்மா?" என்று சட்டைப் பையில் கையை விட்டார். மாமி எழுந்தே விட்டார்.

"சாப்பிட வந்தவையிட்டக் காசு வாங்கிறதோ? விடுங்கோ தம்பி. வடிவாச் சாப்பிட்டனீங்களோ?"

நான் ஓடிப்போய் மாமியின் கையைக் கிள்ளினேன். "மாமி, இது வியாபாரம்!"

"ஓம் பிள்ளை, தெரியும். அந்தத் தம்பி களைச்சுப்போய் வந்தது, பாவம்."

முகாமில் உள்ள அத்தனை பேருமே பாவப்பட்டவர்கள். அவர்களில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, ஊரில் மூன்று மாடி கட்டியவரைப் பாவம் என்கிறார்! அடுத்த பந்தியிலும் அதே கதைதான். நிதி திரட்டப் போய், இருந்த காசையும் குழம்பில் கரைத்த சாதனை உலகத்தில் எங்களுக்கு மட்டுமே உரியது. எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. கோடை வரும், பானை மறுபடியும் சூடாகும்.

அப்போது போளூர்ப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் சங்கடத்தோடு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, எல்லாரும் சாப்ட்டுகினு சும்மாவே போய்கினு இருக்காங்க. மொய் எங்க எழுதறீங்க?"

புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பந்தல், பந்தி, வாழையிலை, காசு வேண்டாம் என்று கும்பிடும் மாமி. வேறென்ன, விசேஷம்தான் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். விசேஷ வீட்டில் சாப்பிட்டுவிட்டு மொய் வைக்காமல் போனால் அவர்கள் ஊரில் தலை காட்ட முடியாது.

"இன்னா விசேஷம்மா?"

"மாமிக்கு ஃப்ரிட்ஜ் வாங்கறோம்ங்க."

"நல்ல விஷயம். எழுதிக்கோ."

உடனே ஒரு மேசை போட்டேன். சாப்பிட்டுப் போனவர்கள்கூட, "பேஜாராப் போச்சும்மா, மொய்னு தெரியல" என்று திரும்பி வந்து எழுதினார்கள். காசைத் தொடக் கூசிய மாமி, மொய்யை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். காசு வேறாம், முறை வேறாம்.

ஃப்ரிட்ஜ் வந்தது. முட்டை வைக்கும் தட்டில் இன்சுலின் ஏறி உட்கார்ந்தது. அடுத்த கோடையில் மாமி குழாயடிக்குப் போய் மயங்கி விழவில்லை, சண்டை போட்டுவிட்டு வந்தார்.

ஆனால் மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டுமே. இப்போது சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் மாமிக்குப் பத்திரிகை வருகிறது. கலசப்பாக்கத்தில் மஞ்சள் நீராட்டு, போளூரில் காதுகுத்து. சொந்தமாக ஒரு கூரைக்கு வழியில்லாத மாமிதான் ஊரார் கிரகப்பிரவேசங்களுக்கு முதல் ஆள். பத்திரிகைகளை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார்.

போன வாரம் டிவியில், அகதிகளைத் திருப்பி அனுப்புவது பற்றி ஏதோ பேசினார்கள். வழக்கமாக அந்தப் பேச்சைக் கேட்டாலே மாமி பெட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். சீண்டிப் பார்த்தேன்.

"என்ன மாமி, ஊருக்குப் போவமோ?"

மாமி ஃப்ரிட்ஜ் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"அதெப்பிடிப் பிள்ளை போறது? இவ்வளவு சனத்தின்ர மொய்யும் கிடக்கு."

மாமி தகரப் பெட்டியைத் திறந்து, காதுகுத்துக்கு உடுத்த ஒரு சேலையை வெளியே எடுத்தார்.