எய்லெர்ட் எழுதாமல் விட்ட நிபந்தனை

அப்பா ஸ்வெர்ரே தன் படகோடு மூழ்கி இறந்தபோது, தண்ணீர் ஏறுகிறது என்று கத்த வேண்டிய அலாரம் கத்தவில்லை. குடித்துவிட்டு அவரே அணைத்திருப்பார் என்று தீவு முழுக்கப் பேச்சு. விசாரணைக்காரர்களும் அதையே எழுதப் போவதாகக் கேள்வி.

எதிர்வீட்டு எய்லெர்ட் மட்டும் ஒன்றும் பேசவில்லை. அவர் எப்போதுமே அப்படித்தான். காட் மீன்தலையைப் பையில் கட்டி அவருடைய தபால்பெட்டிக்குள் போடுவது என் பொழுதுபோக்கு. திட்டவும் மாட்டார், கடற்காகங்களுக்கு வீசிவிட்டுக் கதவைச் சாத்துவார்.

அவர் வீட்டிலிருந்தே கணினிச் சில்லுகளுக்குக் கம்பைலர், அதாவது நிரலைச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள், எழுதுபவர். சில்லுக்குள் எண்களை வைக்கக் கொஞ்சம் பெட்டிகள்தான் உண்டாம். எந்தக் கட்டளைக்கு எந்தப் பெட்டி ஆகும், எவ்வளவு பெரிய எண் ஆகும் என்று நிபந்தனை எழுதுவது அவர் வேலை. கம்பைலர் அதை அப்படியே நம்பும். பள்ளியைப் பாதியில் விட்ட எனக்கு இது விளங்கியது ஒரு காப்பிக் கோப்பையால்.

ஜனவரியில் ஒருநாள் பூட்ஸைக் கழற்றிவிட்டு, ஓட்டைச் சாக்ஸோடு எங்கள் சமையலறைக்கு வந்தார்.

"என்ன எய்லெர்ட், துக்கம் கேக்க வந்தியா? சீக்கிரமாத்தான் வந்திருக்க" என்றாள் அம்மா.

"துரீட், ஸ்வெர்ரே அலாரத்தை அணைக்கல. அதுல இருக்கறது எங்க சில்லு. அதோட நிரலை நானே ஓட்டிப் பாத்தேன்."

நான் பாதி குடித்து வைத்திருந்த கோப்பையில் புதுக் காப்பியை ஊற்றினார்.

"ஏ வாலு, பழசு எவ்வளவு இருந்துச்சு? சொல்லு."

"மேல ஊத்திக் கெடுத்துட்டு என்னக் கேட்டா?"

"அதேதான். தண்ணி அளவை முழுசாப் படிக்கறதுக்குள்ள விடை அதே பெட்டியில வந்து விழுந்துடுச்சு. ரெண்டுக்கும் வேற வேற பெட்டி வேணும்னு நான் எழுதியிருக்கணும். பழைய சில்லு முழுசாப் படிச்ச பிறகுதான் எழுதும், அதுக்குத் தேவைப்படல. புதுசும் அப்படித்தான்னு நினைச்சு விட்டுட்டேன். தண்ணி வேகமா ஏறினா மட்டும்தான் அந்தக் கட்டளை வரும். சோதனையில மாட்டல."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. நாளைக்கு விசாரணையில சொல்லிடுவேன்."

"வேலை போயிடுமே?"

"போயிடும்."

"போகட்டும். நீயும் வெளிய போ."

சொன்னார். அப்பா பெயர் சுத்தமானது. எய்லெர்ட்டின் வேலை போனது. அப்பாவைக் குடிகாரர் என்ற அதே வாய்கள் இப்போது அவரைக் கொலைகாரன் என்றன. "அடுப்பை அணைக்க மறந்துட்டியா? அப்ப நீயும் எய்லெர்ட்தான்" என்று கடையில் சிரித்தார்கள். அம்மா அவரைக் கண்டால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மன்னித்தேனா என்று எனக்கும் தெரியவில்லை.

நேற்று ஒரு முழு மீனைக் கழுவி, விருந்துக்குக் கொடுப்பதுபோல் கல்லீரலும் முட்டையும் சேர்த்துப் பையில் கட்டி, அவர் தபால்பெட்டியில் வைத்தேன். படகுக் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தேன்.

வந்தார். இளைத்திருந்தார். பையைப் பிரித்தே பார்க்கவில்லை. வழக்கமான தலைதான் என்று நினைத்து, பையோடு கடற்காகங்களுக்கு வீசிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

இந்த மனிதர் திருந்தவே மாட்டார். நாளைக்குக் கதவைத் தட்டிக் கையிலேயே கொடுத்துவிட்டு வர வேண்டும்.