என் மூத்தார் உட்கார்ந்து பார்த்த வண்டி

மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தேன். பேத்தி ஓடி வந்து, "அப்பத்தா, பெரிய தாத்தா போயிட்டாராம்" என்றாள். பெரிய தாத்தா என்றால் என் வீட்டுக்காரர் செல்வராசுவின் அண்ணன் கலியபெருமாள், எனக்கு மூத்தார். நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடவில்லை. மாடு குடித்து முடிக்கட்டும் என்று நின்றேன்.

போய்ப் பார்த்தால், வாசல் நிறைய நாற்காலி கிடக்கிறது, என் வீட்டுக்காரர் மட்டும் பிணத்தின் கால்மாட்டில் நிற்கிறார். "கால் வலிக்கும், உட்காருங்க" என்றேன். "அண்ணன் முன்னாடி எப்படிடி உட்கார்றது?" என்றார். அதைக் கேட்டு நாலு பேர், "இந்தக் காலத்துல இப்படி ஒரு தம்பியா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செத்த பிறகும் ஒருத்தரை நிற்க வைக்கிற மரியாதை என்ன மரியாதை?

பதினாறாம் நாள் நினைவு மலருக்கு நீயும் எழுது என்றார்கள். நான் அஞ்சாவது வரை படித்தவள். எழுத்துப் பிழையைப் பேத்தி திருத்தலாம், விஷயத்தைத் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. இவருக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மேஸ்திரி வேலை கிடைத்தது. எங்கள் ஊரிலிருந்து சுரங்கத்துக்குத் தார் ரோடு கிடையாது. மாட்டு வண்டித் தடமும் லாரி உழுத பள்ளமும்தான். மழை பெய்தால் களிமண், வெயிலடித்தால் முழங்கால் வரை புழுதி. சொந்தமாக வண்டி இருந்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். இவரோ அதுவரை சைக்கிளைத் தவிர எதையும் தொட்டதில்லை.

மூத்தார் முன்னால் நடக்க, அரியலூரில் பழைய மோட்டார் சைக்கிள் விற்கிற கடைக்குப் போனோம். எலுமிச்சம்பழம், சூடமெல்லாம் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். மூத்தார் ஆறடி உசரம். இவர் அவர் தோளுக்குக் கீழே நிற்பார். கடையிலேயே பெரிய வண்டியைக் காட்டி, "இதை எடு" என்றார் மூத்தார்.

கடைக்காரர், "ஓட்டப் போறவரு உட்கார்ந்து பார்க்கட்டும்ங்க" என்றார்.

இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் நிற்கும்போது தம்பி காலைத் தூக்கிப் போட்டு வண்டியில் உட்காருவதாவது! மூத்தாரே வேட்டியை மடித்துக்கட்டி ஏறினார். இரண்டு காலும் அம்சமாகத் தரையில் பதிந்தன. "நான் உட்கார்ந்தா அவன் உட்கார்ந்த மாதிரிதான். வண்டி சரியா இருக்கு" என்றார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். மூத்தாரிடம் நான் நேரில் பேசும் வழக்கம் கிடையாது. சூடம் ஏற்றிவிட்டு வந்தேன்.

வறண்டு கிடந்த ஏரிக்குள் இவர் ஓட்டப் பழகினார். ஓட்டுவது வந்துவிட்டது, நிறுத்துவதுதான் வரவில்லை. பெருவிரல் நுனிகூடத் தரையைத் தொடாது. காலை ஊன்ற ஒரு கல் தேடியே வண்டியை நிறுத்துவார். கல் கிடைக்காவிட்டால் ஊர்க் கிணற்றைச் சுற்றிக்கொண்டே இருப்பார். துவைக்கிற கல்லை வாசலுக்கு உருட்டி வந்து போட்டேன். அதன் மேல் கால் வைத்து, மாப்பிள்ளை குதிரையை விட்டு இறங்குகிற மாதிரி இறங்குவார். "அண்ணன்கிட்ட சொல்லுங்க, வேற வண்டி மாத்திக்கலாம்" என்றால், "அவர் பார்த்து எடுத்த வண்டிடி" என்பார். அதோடு பேச்சு முடிந்தது.

இதைவிடக் கேவலம் இன்னொன்று. தெரு முனையில் மூத்தார் வீடு. அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் வண்டியில் உட்கார்ந்தபடி போகலாமா? இவர் பத்தடி முன்னாலேயே இஞ்சினை அணைத்து, இறங்கி, அந்த எருமைக்கடாவைத் தள்ளிக்கொண்டே அவர் வீட்டைத் தாண்டுவார். தாண்டி வந்து, கல் தேடி மறுபடி ஏறுவார். தினமும் போகும்போதும் வரும்போதும் இதே கூத்து. "போதும்டா, ஏறிப் போ" என்று அந்த மனுசன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் அப்படித் தள்ளி வரும்போது சேற்றில் வழுக்கி, வண்டியோடு சாக்கடைக்குள் விழுந்தார். வண்டி காலின் மேல். மூத்தார் நாற்காலியிலிருந்து, "பார்த்துடா, வண்டிக்கு அடிபட்டுடப் போவுது!" என்று கத்தினார். நான் ஓடிப் போய்த் தூக்கினேன், வண்டி அசையவில்லை. நாலு ஆள் சேர்ந்து தூக்கிய பிறகுதான் கணுக்கால் உடைந்திருப்பது தெரிந்தது. கெண்டைக்காலில் சைலன்ஸர் சுட்ட இடம் தோல் உரிந்து தொங்கியது.

மாவுக்கட்டோடு படுத்திருந்தவரைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார் மூத்தார். வந்து என்ன சொன்னார் தெரியுமா? "எலும்பு கூடிடும்டா. மரியாதை போனா கூடாது. நீ பெரிய மனுசன்." இவர் படுக்கையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார், அண்ணன் நிற்கிறாரே என்று. நான் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்தேன். அந்த வாசகத்தை இந்த மலரின் முதல் பக்கத்தில் போடப் போகிறார்களாம். போடட்டும். யார் காலைப் பார்த்துச் சொன்னார் என்பதையும் பக்கத்தில் போடட்டும்.

கட்டுப் பிரித்ததும் சுரங்கத்திலிருந்து ஆள் வந்தது. வண்டியோடு வா, இல்லையென்றால் வேறு ஆளைப் போடுகிறோம் என்றார்கள். அந்த எமனை விற்றுத் தள்ளினோம். "இந்தத் தடவை பெரம்பலூர்ல பார்ப்போம்" என்று மூத்தார் மறுபடி முன்னால் நடந்தார். நானும் போனேன், இந்தத் தடவை சூடம் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கடை மெக்கானிக் விவரமானவர். இருப்பதிலேயே தாழ்வான சின்ன வண்டியை உருட்டி வந்தார். "புதுசா பழகறவருன்னா ரெண்டு பாதமும் முழுசா ஊணணும்ங்க. கீழ போட்டா ஒத்த ஆளா தூக்கணும். மண் ரோட்டுல விழாம யாரும் பழகறதில்ல" என்றார். மூத்தார் முகத்தைச் சுளித்து, "இது பொம்பளைங்க வண்டி" என்றபடி பக்கத்திலிருந்த பெரிய வண்டியில் காலைத் தூக்கிப் போட்டார்.

"பெரிய மாமா, எறங்குங்க."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முகத்துக்கு நேராக நான் பேசிய முதல் சொல் அதுதான். இவர், "ஏய், சும்மா இரு" என்று என் கையைப் பிடித்தார். நான் உதறினேன். "ஓட்டப் போறது இவரு. ஒடைஞ்சதும் இவரு காலு. இவரு உட்காரட்டும்."

மூத்தார் கோபப்படவில்லை. "நான் நிக்கறப்ப அவன் உட்கார மாட்டாம்மா" என்றார், மழை மேலேயிருந்துதான் பெய்யும் என்று சொல்கிற மாதிரி.

"அப்ப நீங்க பார்க்காதீங்க."

மெக்கானிக் ஸ்பேனரைத் துடைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார். மூத்தார் வண்டியை விட்டு இறங்கினார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் கடை வாசலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து நின்றார். அப்போதும் இவர் உட்காரவில்லை. அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பாமலேயே மூத்தார் சொன்னார்: "நான் பார்க்கலடா."

இவர் சின்ன வண்டியில் உட்கார்ந்தார். இரண்டு பாதமும் தரையில் சப்பென்று பதிந்தன. திரும்பி வந்த மெக்கானிக் வண்டியைச் சாய்த்துப் போட்டுக் காட்ட, இவரே தூக்கி நிறுத்தினார். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். நாங்கள் விலை பேசி முடித்து வெளியே வருகிற வரை மூத்தார் திரும்பவே இல்லை. வெயில் அவர் கழுத்தில் அடித்தது. துண்டைக்கூட எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்காக நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மழைக்காலம் வந்தால் இவர் கணுக்காலுக்கு இன்றைக்கும் நான்தான் எண்ணெய் தேய்க்கிறேன். தேய்க்கும்போதெல்லாம் மூத்தாரைத் திட்டுகிறேன், இனியும் திட்டுவேன். ஆனால் அந்த மனுசன் தம்பிக்குக் கொடுத்ததிலேயே உருப்படியானது அன்றைக்கு அவர் திருப்பிக் காட்டிய முதுகுதான். அதை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் புகழ்ந்தவர்களுக்கே.